ஊர் கட்டும் பாலம், அரசு தரும் பணம்

"பாதர், ஒரு கேள்வி. நாங்க ஊருக் காசில பாலத்தைக் கட்டி முடிச்சா, பிறகு அரசாங்கம் அந்தக் காசைத் திருப்பித் தருமா?"

இறக்காமத்தில் ஒரு மாலை வேளை குளக்கட்டின் மேல் நின்றுகொண்டிருந்தபோது முதிய ஹாஜியார் ஒருவர் என்னிடம் இவ்வாறு கேட்டார். அவரோடு விவசாயிகள் அமைப்பின் இளைஞர்கள் சிலரும் நின்றனர். வட்டைக்குப் போகும் பாதையை வாய்க்கால் ஒன்று குறுக்கே வெட்டுகிறது. அதன் மேல் கிடப்பவை நான்கு தென்னங்குற்றிகளும் சில பலகைகளும். கோடையில் உழவு இயந்திரம் வாய்க்காலில் இறங்கி ஏறிவிடும். பெரும்போகத்து மழை தொடங்கினால் மனிதர் மட்டுமே, அதுவும் கைகோத்தபடியே, கடக்க முடியும். பசளை மூடைகள் தலையில் போகின்றன. அறுவடை நெல் சுற்றுப்பாதையால் வருகிறது. பிள்ளைகளும் அவ்வழியாலேயே பாடசாலைக்குப் போய் வருகின்றனர்.

அவர்களுடைய அவசரம் எனக்கு விளங்கியது. 2024 நவம்பர் மாத இறுதியில், காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வெள்ளம் பாய்ந்த வீதியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. மாணவர்களும் வேறு சிலரும் உயிரிழந்தனர். அம்பாறைக் கரையோரத்தில் அந்த நாட்களை மறந்தவர் எவருமில்லை. ஒவ்வொரு மழைக்கும் பெற்றோர் வாசலில் நின்று வழி பார்க்கின்றனர். "இனியும் காத்திருக்கவா?" என்று ஓர் ஊர் கேட்பதில் நியாயம் உண்டு.

ஆனால் ஹாஜியாரின் கேள்விக்கு உண்மையான பதில் கசப்பானது. முன்கூட்டியே எழுத்தில் உடன்பாடு இல்லாமல் கட்டிய பாலத்துக்கு அரசிடமிருந்து பணம் திரும்பி வருவது மிக அரிது. இந்த நிலைக்கு என்ன காரணம், இதற்கு மாற்று வழி உண்டா என்பவற்றை இக்கட்டுரையில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பாலம் யாருக்குச் சொந்தம்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி பணத்தைப் பற்றியது அல்ல, உரித்தைப் பற்றியது. பாலம் எந்தப் பாதையில் அமைகிறதோ அந்தப் பாதையின் சொந்தக்காரரே அதற்குப் பொறுப்பாளி.

நமது நாட்டில் 'ஏ', 'பீ' வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. 'சீ', 'டீ' வகை வீதிகள் மாகாண சபையின் கீழ் வருகின்றன. ஊருக்குள் உள்ள சிறு வீதிகளைப் பிரதேச சபையோ நகர சபையோ மாநகர சபையோ பராமரிக்கிறது. வாய்க்கால் கரைகளும் குளக்கட்டுகளும் பெரும்பாலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. சிறு குளங்களும் வட்டைப் பாதைகளும் பல இடங்களில் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தோடு தொடர்புடையவை.

இறக்காமம் போன்ற ஊர்களில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. பாதை பிரதேச சபையினுடையதாக இருக்கலாம், ஆனால் அதை வெட்டிச் செல்லும் வாய்க்கால் நீர்ப்பாசனத் திணைக்களத்தினுடையது. பாலத்தின் தளம் ஒருவருக்கும் கீழே ஓடும் நீர் இன்னொருவருக்கும் உரியது. ஊர் ஓர் அலுவலகத்துக்குப் போனால் அவர்கள் மற்ற அலுவலகத்தைக் கைகாட்டுவார்கள். இதை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தனக்கு உரித்தில்லாத சொத்துக்குப் பணம் செலவிட எந்த அலுவலகத்துக்கும் அதிகாரமில்லை.

ஏன் பின்னர் பணம் கொடுக்க முடியாது?

"பாலம் கண் முன்னே நிற்கிறதே, அதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தால் என்ன?" என்று மக்கள் கேட்கின்றனர். அரச பணம் நான்கு வாசல்களைத் தாண்டியே வெளியே வருகிறது. அவற்றைத் தெரிந்துகொண்டால் நமது கோபத்தில் பாதி குறையும், நமது முயற்சியும் சரியான திசையில் திரும்பும்.

முதலாவது வாசல், அங்கீகாரம். வேலை தொடங்கும் முன்பே உரிய அதிகாரி அல்லது சபை அதை அனுமதித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒதுக்கீடு. அந்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் அந்த வேலைக்கென்று பணம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். டிசம்பர் 31ஆம் திகதி கடந்தால் செலவிடாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். ஜனவரியில் வரும் கோரிக்கைக்குப் புதிய ஆண்டில் புதிதாக இடம் தேட வேண்டும்.

மூன்றாவது, மதிப்பீடும் கொள்முதல் நடைமுறையும். வேலைக்கு என்ன செலவாகும் என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பிட்டிருக்க வேண்டும். வேலையை யாருக்கு, எந்த முறையில் கொடுப்பது என்பதும் விதிப்படி தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும்.

நான்காவது, அளவீடு. செய்த வேலையை உத்தியோகத்தர் நேரில் அளந்து அளவைப் புத்தகத்தில் பதிய வேண்டும். இங்குதான் ஊர்ப் பாலங்கள் பெரும்பாலும் தோற்றுப் போகின்றன. பாலத்தின் உயிர் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. அத்திவாரம் எவ்வளவு ஆழம், உள்ளே எத்தனை கம்பி, எந்தக் கலவை என்பவற்றைக் கொங்கிறீற்று மூடிய பிறகு யாராலும் அளக்க முடியாது. தான் காணாத வேலைக்கு ஓர் உத்தியோகத்தர் எப்படிக் கையொப்பமிடுவார்?

இன்னொன்றையும் மனங்கொள்ள வேண்டும். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், அரசுக்கு நட்டம் ஏற்படுத்தும் உத்தியோகத்தரிடமிருந்தே அந்த நட்டத்தை அறவிட இடமளிக்கிறது. விதியை மீறிப் பணம் கொடுத்தவர் தமது சம்பளத்திலிருந்து அதைக் கட்ட வேண்டி வரலாம். ஆகவே மேசைக்கு அப்பால் இருப்பவர் எப்போதும் கல்நெஞ்சர் என்று முடிவு செய்ய வேண்டாம். பல வேளைகளில் அவர் பயந்த மனிதர்.

நான் கற்ற பாடம்

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு கிராமத்தில் மதகு ஒன்று வெள்ளத்தில் உடைந்தது. மக்கள் பிரமுகர் ஒருவர் வந்து பார்வையிட்டார். "நீங்கள் வேலையைத் தொடங்குங்கள், பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். மக்கள் மகிழ்ந்தனர். நானும் மகிழ்ந்தேன். வீடு வீடாகப் பணம் திரட்டினோம். ஒரு விதவைத் தாய் தமது காதணியை அடகு வைத்து ஐந்தாயிரம் ரூபா தந்தார். போதாததற்குக் கடையில் கடனாகச் சீமெந்து எடுத்தோம். இரண்டு மாதத்தில் மதகு எழுந்தது.

பிறகு கோரிக்கையை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம். "அனுமதிக் கடிதம் எங்கே?" என்றார்கள். இருக்கவில்லை. "மதிப்பீடு?" மேசன் தாளில் எழுதிய கணக்கு ஒன்று இருந்தது. "பற்றுச்சீட்டுகள்?" பாதி இருந்தன, அவற்றிலும் பல பெயரில்லாத துண்டுகள். பிரமுகர் அடுத்த தேர்தலில் தோற்றுப் போனார். கடைக்காரருக்குக் கடன் தீர இரண்டு ஆண்டுகள் சென்றன. காதணியை மீட்க முடியவில்லை.

அந்த அலுவலகத்தை நான் நீண்ட காலம் குறை கூறித் திரிந்தேன். இன்று யோசிக்கும்போது என் பங்கும் அதில் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். படித்தவன் என்று மக்கள் என்னை நம்பினர். ஒரு கடிதம் வாங்கியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

பிற நாடுகளில் எப்படி?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் வெர்மண்ட் மாநிலம் மலைகளும் ஓடைகளும் சிற்றூர்களும் நிறைந்தது. 2011 ஆகஸ்ட் 28ஆம் திகதி ஐரீன் புயலின் மழை அங்கே கொட்டியது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பாலங்களும் மதகுகளும் சேதமடைந்தன. பல ஊர்கள் வெளியுலகத் தொடர்பை இழந்தன. ஊர்ச் சபைகள் காத்திருக்கவில்லை. வங்கியில் கடன் எடுத்துத் திருத்த வேலையைத் தொடங்கின.

அவர்களுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? பேரழிவு பிரகடனம் செய்யப்பட்டால், பொதுச் சொத்தைத் திருத்த ஊர் செலவிட்ட தகுதியான தொகையில் குறைந்தது 75 வீதத்தை மத்திய அரசு மீளளிக்க வேண்டும் என்பது அங்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. அழிவு மிகக் கடுமையானால் அந்தப் பங்கு உயர்த்தப்படுவதும் உண்டு. மீதியை மாநிலமும் ஊரும் பகிர்ந்துகொள்கின்றன. அதாவது, மீளளிப்பு என்ற வாக்குறுதி புயலுக்கு முன்பே சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது.

அப்படியிருந்தும் தகராறு வந்தது. உடைந்த சிறு மதகுக்குப் பதிலாக, அடுத்த வெள்ளத்தைத் தாங்கக்கூடிய அகன்ற மதகைச் சில ஊர்கள் அமைத்தன. அது புத்தியான செயல். ஆனால் பணம் தரும் மத்திய நிறுவனம், "முன்பு இருந்த அளவுக்கே தருவோம். பெரிதாக்க வேண்டும் என்று முறைப்படி ஏற்கப்பட்ட கட்டாய விதி உங்களிடம் இருந்ததா?" என்று கேட்டது. வழிகாட்டல் இருந்தது, ஆனால் அது கட்டாய விதியாக ஏற்கப்படவில்லை என்று வாதிட்டது. ஊர்கள் மேன்முறையீடு செய்து நெடுநாள் போராட வேண்டியதாயிற்று.

அதிலிருந்து மாநிலம் பாடம் கற்றது. ஓடைகளில் கட்டும் வேலைகளுக்கான தரங்களைச் சட்டபூர்வ விதிகளாக்கியது. 2014ஆம் ஆண்டிலிருந்து, முன்னெச்சரிக்கை நடவடிக்கை எடுத்த ஊருக்கு மாநிலம் கூடுதல் பங்கு கொடுக்கிறது. ஒன்றும் செய்யாத ஊருக்கு மொத்தச் செலவில் 7.5 வீதம். தரங்களையும் திட்டங்களையும் ஏற்றுக்கொண்ட ஊருக்கு 12.5 வீதம். அதற்கும் மேல் ஆற்றங்கரையைப் பாதுகாக்க முன்வந்த ஊருக்கு 17.5 வீதம்.

தமிழ்நாடு வேறு வழியைக் கண்டது. 1997இல் அங்கு 'நமக்கு நாமே' திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் பெயரும் விதிகளும் மாறி, 2021இல் மீண்டும் அதே பெயரில் அது உயிர் பெற்றது. மக்கள் முதலில் தமது பங்காக, பொதுவாக மூன்றில் ஒரு பகுதியைச் செலுத்துகின்றனர். அரசு மீதியைச் சேர்க்கிறது. மதிப்பீடும் அனுமதியும் வேலைக்கு முன்னரே நடைபெறுகின்றன. இங்கு மீளளிப்பு என்ற பேச்சே எழுவதில்லை. ஊர்ப் பணமும் அரசுப் பணமும் தொடக்கத்திலேயே ஒரே கணக்கில் சந்திக்கின்றன.

நமது நாட்டு வரலாற்றையும் மறக்கலாகாது. 1848ஆம் ஆண்டு வீதிச் சட்டம், 18 முதல் 55 வயது வரையிலான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும் அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்றது. அவ்வாண்டு மூண்ட கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். அந்த உழைப்புக்கு எவரும் எதையும் திருப்பித் தரவில்லை. 1958இல் தொடங்கிய சர்வோதயச் சிரமதானம் உழைப்பை விருப்பக் கொடையாக்கியது. கட்டாயமாகப் பிடுங்கப்படும் உழைப்பு, மனமுவந்து தரும் உழைப்பு, திரும்பி வரும் என்று நம்பித் தரும் பணம் ஆகிய மூன்றும் வேறு வேறானவை. மூன்றாவதை இரண்டாவதாக மாற்றி, "நீங்கள் சிரமதானமாகத்தானே செய்தீர்கள்?" என்று பின்னர் கேட்பது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் செயலாகும்.

கணக்கும் காலமும்

ஓர் உதாரணம் பார்ப்போம். பாலத்துக்கு 60 இலட்சம் ரூபா செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர் முழுவதையும் 12 வீத வட்டிக்குக் கடன் எடுத்துக் கட்டுகிறது. ஆண்டுக்கு வட்டி 7 இலட்சத்து 20 ஆயிரம். மீளளிப்பு இரண்டு ஆண்டு தாமதித்தால் வட்டி மட்டும் 14 இலட்சத்து 40 ஆயிரம். முழுத் தொகை திரும்பி வந்தாலும் இந்த வட்டி பொதுவாகத் திரும்பாது. அளந்து பார்க்க முடியாத அத்திவார வேலைக்கு 15 இலட்சம் கழிக்கப்பட்டால் ஊருக்கு ஏற்படும் நட்டம் 29 இலட்சத்து 40 ஆயிரம். ஏறக்குறையப் பாதிப் பாலம்!

அதே ஊர் 20 இலட்சத்தைத் தன் பங்காக முன்வைத்து, மீதிக்கு உடன்பாடு செய்தால் என்ன? அதன் நட்டத்துக்கு எல்லை உண்டு. ஒரு பெரும்போகம் கூடுதலாகக் காத்திருக்க நேரலாம். அந்தக் காத்திருப்புக்கும் விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அதற்குத் தற்காலிக நடைபாலம், கைப்பிடிக் கயிறு, மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு மாற்று வழி என்பவற்றை ஊர் உடனே செய்யலாம். உயிரைக் காக்கும் வேலையையும் நெல்லேற்றும் வேலையையும் பிரித்துப் பார்த்தால், முன்னதைச் சில நாட்களிலேயே முடிக்கலாம்.

பணத்தை விடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. வாய்க்காலின் நீரோட்டத்தை அளக்காமல் குறுகிய வாயோடு பாலம் கட்டினால், வெள்ளம் மேற்பக்கம் தேங்கும். ஓர் ஊரின் பாலம் அயலூரின் வட்டையை மூழ்கடிக்கும். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வயல் செய்யும் நமது பிரதேசத்தில் அது வெறும் பொறியியல் தவறாக முடியாது. ஆகவே மேற்பக்கத்து விவசாயிகளையும் முதற்கூட்டத்திலேயே அழைத்து உட்கார வைக்க வேண்டும்.

ஊருக்கு ஏற்கெனவே வரவேண்டிய பணம்

மீளளிப்பைக் கேட்கும் முன் இன்னொரு பணத்தையும் விசாரிக்க வேண்டும். காணி கைமாறும்போது செலுத்தப்படும் முத்திரைத் தீர்வையும், நீதிமன்றத் தண்டப்பணமும் உள்ளூராட்சி சபைகளுக்குரிய வருமானங்கள். அவை வேறு கைகளால் சேகரிக்கப்பட்டு மாகாண நிருவாகத்தின் ஊடாகச் சபைக்கு வந்து சேர வேண்டும். நமது சபைக்கு எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, நிலுவை எவ்வளவு? இதைக் கேட்கும் ஊர்கள் மிகக் குறைவு.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் இதைக் கேட்கலாம். கோரிக்கை பற்றிய தீர்மானத்தைத் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்ய வழி உண்டு.

செய்ய வேண்டியவை

1. பாதையும் வாய்க்காலும் யாருக்குரியவை என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பிரதேச செயலகத்தில் இரு தரப்பையும் ஒரே மேசையில் அமர்த்துங்கள்.

2. தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீட்டையும் வரைபடத்தையும் பெறாமல் ஒரு மூடைச் சீமெந்துகூட வாங்காதீர்கள்.

3. அரசாங்கக் கொள்முதல் நடைமுறை, சிறு வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கம், விவசாயிகள் அமைப்பு போன்ற பதிவு பெற்ற அமைப்புகளுக்கு நேரடியாக வழங்க இடமளிக்கிறது. தொகை எல்லை சுற்றறிக்கைகளால் மாறும். இன்றைய எல்லையைக் கேட்டறியுங்கள். வேலையை ஊரே செய்யவும் பணத்தைக் கட்டம் கட்டமாகப் பெறவும் சிறந்த வழி இதுவே.

4. ஊர் முற்பணம் போட வேண்டியிருந்தால், எவ்வளவு, எந்த ஆண்டின் ஒதுக்கீட்டிலிருந்து, எப்போது திரும்பும் என்று எழுதிய கடிதம் வேண்டும். வாய்மொழி வாக்குறுதி, அதைச் சொன்னவர் பதவியில் இருக்கும் வரைதான்.

5. மண்ணுள் மறையும் ஒவ்வொரு வேலையையும் மூடுவதற்கு முன் உத்தியோகத்தரை அழைத்து அளக்கச் செய்யுங்கள். அளவுகோலை வைத்துத் திகதியோடு படம் எடுங்கள். கொங்கிறீற்று மாதிரிக் கட்டிகளை 7ஆம் நாளிலும் 28ஆம் நாளிலும் பரிசோதிப்பது வழக்கம். அந்த அறிக்கைகளைக் கோவையில் இடுங்கள்.

6. சிரமதானத்துக்கும் வரவுப் பதிவேடு வையுங்கள். யார், எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று எழுதுங்கள். வெர்மண்ட் ஊர்கள் ஒவ்வொரு பாரவண்டிக் கல்லையும் இயந்திர மணி நேரத்தையும் எழுதி வைத்தே பணம் பெற்றன.

7. மாதம் ஒருமுறை பள்ளிவாசலிலோ கோயிலிலோ பொது இடத்திலோ கணக்கைப் பகிரங்கமாக ஒட்டுங்கள். அரசிடம் கணக்குக் கேட்கும் ஊர், தன் மக்களுக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

மீண்டும் குளக்கட்டில்

இவற்றையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது ஹாஜியார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப பாதர், முதல்ல கடதாசிப் பாலம் கட்டணும், பிறகுதான் கல்லுப் பாலம்" என்றார். இளைஞர்கள் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. "அந்தக் கடதாசி வாறதுக்குள்ள மழை வந்துருமே" என்றார்.

அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் கூடி இரண்டு தீர்மானங்கள் எடுத்ததாகப் பின்னர் அறிந்தேன். ஊர்ப் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, மழைக்கு முன் கைப்பிடியுள்ள நடைபாலம் ஒன்றை, உரிய அனுமதி கேட்டுப் போடுவது. மீதிப் பணத்தைத் தொடாமல் வங்கியில் வைத்து, "எங்கள் பங்கு தயார், உங்கள் பங்கு எப்போது?" என்று சபைக்கும் திணைக்களத்துக்கும் எழுதுவது.

பணத்தைச் செலவழித்துவிட்டுக் கையேந்தி நிற்கும் ஊரை அலைக்கழிப்பது எளிது. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் ஊரை அவ்வாறு அலைக்கழிக்க முடியாது. பாதையும் பாலமும் அரசு தரும் பிச்சை அல்ல, மக்களின் உரிமை. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவதற்கு நியாயத்தோடு கோவையும் வேண்டும்.

குழுக்களில் கலந்துரையாட:

உங்கள் ஊரில் பொதுமக்கள் பணத்தில் கட்டப்பட்ட பாலம், மதகு, பாதை எவை? அவற்றின் கணக்கு இன்று யாரிடம் உள்ளது?

உங்கள் பிரதேச சபைக்கு வரவேண்டிய முத்திரைத் தீர்வையின் நிலுவை எவ்வளவு என்று எவரேனும் கேட்டதுண்டா?

அடுத்த மாரிக்கு முன், பிள்ளைகளின் பாதுகாப்புக்காக ஊர் தானாகவே செய்யக்கூடிய ஒரு வேலை எது?